கேள்வித்தாளைத் திருத்திடு

அன்புள்ள மல்லி,

உன் மூணு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில், திட்டிக்கோ. அம்மாவுக்குக் கால்வலி தேவலை. பச்சைக் குடை பத்திரமா இருக்கு.

குடியாத்தம் மகளிர் குழுவுக்குன்னு நீ அனுப்பின கேள்வித்தாள்ல முதல் கேள்வியே தப்புடி. "புகையிலைப் பழக்கம் உண்டா?"ன்னா எல்லாரும் "ஐயோ, இல்லமா"ம்பாங்க. பொய்யில்ல. அவங்களுக்குப் புகையிலைன்னா ஆம்பளை பிடிக்கிற பீடி. வெத்தலையோட கிள்ளிப் போடுறது அந்தக் கணக்குல வராது. "வெத்தலையில இன்னா வச்சுப் போடுவீங்க?"ன்னு கேளு. பாக்கு, சுண்ணாம்புக்கு அப்புறம் அதுவும் தானா வெளிய வரும்.

அடுத்தது, "வீட்டுக்குள்ள யாராவது பிடிப்பாங்களா?" "இல்லமா, அவரு வெளியதான்"னு பதில் வரும். அந்த வெளிய பாதி வீட்டுல திண்ணைதான்! கதவு திறந்தபடி, நிலைப்படிக்கு அந்தப்பக்கம் தூளி. ரெண்டு இழுப்புக்கு நடுவுல பீடி நுனி சும்மா கனலுதே, பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் போற புகையில பெரும்பங்கு அதுதான். ஜன்னலைத் திறந்தாலோ ஃபேனைப் போட்டாலோ முழுசாப் போகாது. "துண்டு பீடி எங்க விழும், காட்டுங்க"ன்னு கூடவே நட. பதில் தரையில கிடக்கும்.

"புருஷனை நிறுத்தச் சொல்லுங்க"ன்னு உபதேசம் பண்ணாதே. சொன்னா யாருக்கு அடி விழும்னு உனக்குத் தெரியும். தெருக்கோடி வேப்பமரத்துக்குப் போகச் சொல்றது நடக்கும். மாசமா இருக்கிற பொண்ணு வீட்டுல மாமியாரைப் பிடி. புகைபட்டா குழந்தை எடை குறைஞ்சு பிறக்கலாம்னு சொன்னா, பேரப்பிள்ளைக்காக மகனை அதட்டுவா. 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு பீடி விக்கிறதே சட்டப்படி குத்தம். பையனைக் கடைக்கு அனுப்புறதையும் கேளு. நிறுத்த நினைக்கிறவருக்கு, அதுக்கு உதவுற போன் நம்பர் 1800-11-2356 எழுதிக் கொடு, காசில்லை.

எனக்குக் கவலையே கடைசிப் பக்கம்தான். அங்கே வரப்போறவங்கள்ல பலபேர் பீடி சுத்துறவங்க. 1000 பீடிக்கு ஏறக்குறைய 200 கிராம் புகையிலைத் தூள், மடியில முறம், பக்கத்துலயே புள்ளை. "புகையிலை விஷம்"னு நீ ஆரம்பிச்சா, அவங்க காதுல விழுறது "உன் சோறு விஷம்". எழுந்து போயிடுவாங்க. அந்தப் பேச்சையே எடுக்காம, தூள் கையோட சோறு ஊட்டுறாங்களா, முறத்தை எங்க தட்டுறாங்க, புள்ளை எங்க தூங்குதுன்னு கேளு. சோப்புப் போட்டுக் கை கழுவுறதும், புள்ளையைத் தள்ளிப் படுக்க வைக்கிறதும் இன்னைக்கே செய்யலாம். கூலி குறையாது.

சுத்தின பீடிக்கட்டை ஒப்படைக்கிற நேரத்துல மட்டும் கூட்டம் போடாதே. ஒருத்தியும் வரமாட்டா.

உன்
செல்வி