வெல்டிங்கை விடைத்தாளில் திருத்த முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரிகளில் நடக்கும் தொழிற்பயிற்சிப் படிப்புகளைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் எத்தனை பேர் பாஸ், எத்தனை பேருக்கு வேலை என்ற இரண்டு கணக்கோடு முடிந்துவிடுகிறது. 12 வருடமாக வெல்டிங் சொல்லித்தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மாணவன் என்ன கற்றான் என்பது இந்த இரண்டிலுமே தெரியாது. ஆள் தட்டுப்பாடு இருந்தால் அரைகுறையாகக் கற்றவனுக்கும் வேலை கிடைக்கும், இல்லையென்றால் நன்றாகச் செய்பவனும் வீட்டில்தான் இருப்பான்.

என்னிடம் படித்த ஒருவன் எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முதல். எந்தத் தகட்டுக்கு எத்தனை ஆம்பியர், எலக்ட்ரோடை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். அவன் போட்ட வெல்டும் மேலே பார்க்கச் செதில் செதிலாக அவ்வளவு அழகு. அதிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, அடிப்பக்கம் வெளியே இருக்கும்படி யு வடிவத்துக்கு வளைத்துப் பார்த்தோம். விரிசல் 3 மில்லிமீட்டருக்கு மேல் திறந்தாலே பொதுவாகத் தேறாது, இது பாதி வளைவதற்குள் வாயைப் பிளந்துவிட்டது. அடியில் இரும்பு உருகிச் சேரவே இல்லை.

மருத்துவப் படிப்பில் இந்தத் தலைவலியை எப்போதோ கவனித்துவிட்டார்கள். 1975-லேயே ரொனால்ட் ஹார்டனும் சக ஆசிரியர்களும் மாணவர்களை ஒவ்வொரு மேசையாக அனுப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, முன்பே தயாரித்த பட்டியலை வைத்து மதிப்பெண் போடும் முறையை எழுதினார்கள். 1990-ல் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் மாணவனின் திறமையை நான்கு படியாகப் பிரித்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவான், வேலையிடத்தில் செய்கிறான். நம் தேர்வுகள் பெரும்பாலும் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகின்றன.

சரி, செய்முறைத் தேர்வு வைத்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஒரே வெல்டுக்கு நான் 8 போட்டேன், சக ஆசிரியர் 5 போட்டார். ஓரத்தில் இருந்த பள்ளம் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது, அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அப்புறம் இருவரும் உட்கார்ந்து பழைய துண்டுகளை மேசையில் பரப்பி, அளவுகோலை வைத்து, எதுவரை சரி, எதற்குமேல் தவறு என்று எழுதிக்கொண்டோம். ஒரு வாரம் பிடித்தது, கொஞ்சம் சண்டையும் வந்தது.

அதோடு, மாணவன் படிப்பில் சேர்ந்த முதல் நாளே ஒரு துண்டு வெல்ட் போடச் சொல்லி எடுத்து வைக்க வேண்டும். ஏற்கெனவே பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவன் கடைசியில் நன்றாகச் செய்தால் அது நாங்கள் சொல்லிக்கொடுத்ததாகிவிடாதே.

வேலை கொடுத்தவர்களுக்கு அனுப்பும் படிவம் இன்னொரு வேடிக்கை. எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்று டிக் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பதில், எந்த வேலையை இவனிடம் தனியாக விட்டுவிட்டுப் போவீர்கள் என்று ஆறு மாதம் கழித்து மேற்பார்வையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் தேர்ச்சி விகிதம் கேட்கப் போகும்போது, வளைத்துப் பார்த்த துண்டுகளைக் காட்டுங்கள் என்றும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் பயிற்றுநர்