எண்ணிக்கை சரிதான், பிறகு ஏன்?

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "விந்தணுக்களின் எண்ணிக்கை சரி, வேகம் சரி, வடிவமும் சரி என்றுதானே எழுதிக் கொடுத்தார்கள்? அப்படியிருந்தும் ஆய்வகத்தில் விந்தணுக்களோடு சேர்த்து வைத்த முட்டைகளில் ஒன்றுகூட ஏன் கருவுறவில்லை, அம்மா?" என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழேயே, குறை உன்னிடம்தான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தீர்ப்பை ஏற்க மாட்டேன். விலங்கியல் கற்பித்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

விந்துப் பரிசோதனை கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே அளக்கிறது. எத்தனை அணுக்கள், அவற்றில் எத்தனை நீந்துகின்றன, தலையும் வாலும் எப்படி இருக்கின்றன, அவ்வளவுதான். அந்தத் தலைக்குள் இருக்கும் நொதிகள் உரிய நேரத்தில் வேலை செய்யுமா என்பதை எண்ணிக்கையும் வேகமும் சொல்லாது. கருவுறுவதும் கருவுறாமல் போவதும் சில நேரங்களில் அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

கருமுட்டை தனியாக இருப்பதில்லை. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சிறு செல்கள், ஹயலுரானிக் அமிலம் நிறைந்த பசையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விந்தணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஹயலுரானிடேஸ் என்ற நொதி அந்தப் பசையைத் தளர்த்தி வழி ஏற்படுத்துகிறது. அதைத் தாண்டினால் தெளிவுறை. மனித முட்டையில் நான்கு வகைக் கிளைக்கோபுரதங்களால் நெய்யப்பட்ட கனமான உறை அது. விந்தணுவின் தலையில் தொப்பி போல் கவிழ்ந்திருக்கும் அக்ரோசோம் என்ற பை திறந்து, உள்ளிருக்கும் நொதிகள் வெளியே வருகின்றன. அவற்றில் பெயர் பெற்றது அக்ரோசின். புரதத்தை வெட்டும் நொதி அது.

அக்ரோசின்தான் உறையைத் துளைக்கிறது என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் ஒரே வரியில் சொல்லிவந்தன. 1994இல் அக்ரோசின் இல்லாத ஆண் எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் விந்தணுக்கள் உறையைக் கடக்கக் கொஞ்சம் தாமதித்தன, ஆனால் குட்டிகள் பிறந்தன. அப்படியானால் அந்த நொதி தேவையே இல்லையோ என்ற எண்ணம் பரவியது. 2020இல் வெள்ளெலிகளில் (ஹாம்ஸ்டர் என்ற வேறு இனம்) அதே சோதனையைச் செய்தபோது முடிவு நேர்மாறாக வந்தது. அக்ரோசின் இல்லாத ஆண் வெள்ளெலிகள் முழு மலடாயின. விந்தணுக்கள் தெளிவுறை வரை போய், அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டன. ஓர் உயிரினத்தில் இல்லாமலும் சமாளிக்க முடிந்த நொதி இன்னொன்றில் உயிர்நாடியாக இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமான ஒன்றை "எண்ணிக்கை சரி" என்ற இரண்டு சொல்லில் அடக்க முடியுமா, நீயே சொல்.

உறையைக் கடந்தாலும் வேலை முடியவில்லை. இரண்டு செல்களின் சவ்வும் ஒன்றோடொன்று கலக்க வேண்டும். இங்கே வெட்டும் நொதிகளுக்கு வேலை இல்லை. பற்றிக்கொள்ளும் புரதங்கள் வேண்டும். விந்தணுவின் பக்கம் இசுமோ என்ற புரதம் இருப்பதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முட்டையின் பக்கம் அதைப் பிடித்துக்கொள்ளும் ஜூனோ, 2014இல் இங்கிலாந்தில் தெரியவந்தது. இவ்விரண்டு மட்டும் போதாது, வேறு சில புரதங்களும் சேர வேண்டும். என்றாலும், இசுமோ இல்லாத ஆண் எலிக்கும் குட்டி பிறப்பதில்லை, ஜூனோ இல்லாத பெண் எலிக்கும் பிறப்பதில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து செய்கிற காரியத்தில் ஒருவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது அறிவியலுக்கே பொருந்தாது. யாராவது மருமகளைச் சாடையாகப் பேசினால் இதையே அவர்களிடமும் சொல்.

இசுமோ ஆய்வில் உனக்காகவே எழுதியது போன்ற ஒரு பகுதி உண்டு. அந்தப் புரதம் இல்லாத விந்தணுக்கள் பார்வைக்கு இயல்பாகவே இருந்தன, நன்றாக நீந்தின, தெளிவுறையையும் கடந்தன. முட்டையின் வாசலில் மட்டும் நின்றுவிட்டன. அதே விந்தணுக்களை ஊசியால் முட்டைக்குள் செலுத்தியபோது முட்டைகள் கருவுற்றுக் கருவாக வளர்ந்தன. உங்கள் மருத்துவர் அடுத்து இக்ஸி, அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை, செய்யலாம் என்கிறாரே, அதன் அடிப்படையும் இதுதான். மனிதர்களில் இக்ஸி மூலம் கருத்தரித்த செய்தி முதலில் வெளியானது 1992இல். பசை, உறை, சவ்வு ஆகிய மூன்று தடைகளையும் ஊசி கடந்துவிடுகிறது. முட்டையைச் சுற்றியுள்ள செல்களை நீக்க ஆய்வகத்தில் பயன்படுத்துவதும் அதே ஹயலுரானிடேஸ்தான்.

ஆனால் ஊசியால் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். உள்ளே போன விந்தணு, உறங்கிக் கிடக்கும் முட்டையை எழுப்ப வேண்டும். அதற்கு அது கொண்டுவரும் நொதியின் பெயர் பாஸ்போலிபேஸ் சி ஜீட்டா. 2002இல் அடையாளம் கண்டார்கள். முட்டைக்குள் இருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறை அது வெட்டுகிறது. அதிலிருந்து பிறக்கும் சிறு மூலக்கூறு, சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் அலை அலையாக, மணிக்கணக்கில் எழுந்து அடங்குகிறது. முட்டை கருவாக மாறத் தொடங்குவது அப்போதுதான். இந்த நொதி பழுதான சில ஆண்களுக்கு இக்ஸியிலும் முட்டை கருவுறுவதில்லை. அதற்கும் வழி இருக்கிறது: கால்சியத்தை உள்ளே ஏற்றும் மருந்தால் முட்டையை ஆய்வகத்திலேயே தூண்டுகிறார்கள். எல்லோருக்கும் இது தேவைப்படாது. தேவைப்பட்டால் கேட்பதற்கு உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதே கால்சியம்தான் முட்டை தன் கதவைச் சாத்திக்கொள்ளவும் காரணம். முட்டையின் ஓரத்தில் காத்திருக்கும் சிறு பைகள் வெடித்து, ஓவாஸ்டாசின் என்ற நொதி வெளியேறுகிறது. அது தெளிவுறையின் ஒரு புரதத்தை வெட்டியதும் வேறு விந்தணுக்களால் அங்கே ஒட்ட முடிவதில்லை. ஜூனோவும் ஒரு மணி நேரத்துக்குள் முட்டையின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. இந்தச் சாத்துதல் முன்கூட்டியே நடந்துவிடாமல் தடுக்கும் புரதம் ஒன்று இரத்தத்தில் இருக்கிறது. அது இல்லாத பெண் எலிகளின் முட்டை உறை முன்னதாகவே இறுகிவிடுகிறது. விந்தணு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே போக முடியாது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அடுத்த சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன், கருவியல் நிபுணரிடம் நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள். எல்லா முட்டைகளும் முதிர்ந்திருந்தனவா என்று முதலில் கேள். மறுநாள் பார்த்தபோது தெளிவுறையில் விந்தணுக்கள் ஒட்டியிருந்தனவா, உறைக்கு உள்ளே ஏதாவது போயிருந்ததா என்றும் கேள். ஒன்றும் ஒட்டவில்லை என்றால் தடை வெளியிலேயே இருந்திருக்கிறது. உறைக்கும் முட்டைக்கும் நடுவே நின்றிருந்தால் சவ்வு கலக்கும் இடத்தைச் சந்தேகிக்கலாம். இவ்விரண்டுக்கும் ஊசி உதவும். முட்டைக்குள்ளேயே போயும் அது விழிக்கவில்லை என்றால், நான் சொன்ன ஜீட்டா நொதியைப் பற்றிப் பேச்செடு. அவர்கள் சொல்வதை மருமகள் எழுதிக்கொள்ளட்டும். உனக்குப் பதற்றத்தில் பாதி மறந்துவிடும். ஆய்வகக் குறிப்பின் நகலை வாங்கி எனக்கும் அனுப்பு. மூவரும் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அம்மா