செயலாளர் ஆண்டறிக்கை: சாக்லேட், சந்தா, திரும்பி வராத மோல்டு

தலைவர் அவர்களுக்கும் இன்னிக்கு வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவங்களுக்கு ஒரு காப்பி அனுப்பி வைக்கிறேன், வாசிச்சிட்டு எப்பவும் போல "கூட்டம் எப்போ நடந்துச்சு, எங்களுக்கு தெரியவே தெரியாதே"ன்னு மட்டும் கேக்காதீங்க.

இந்த வருஷம் நம்ம சாக்லேட் சங்கத்துல நடந்தது: பொதுக்குழு கூடிச்சு. குழந்தைகளுக்கு சாக்லேட் வகுப்பு நடந்துச்சு. கேக் அலங்காரப் போட்டி நடந்து பரிசும் குடுத்தாச்சு. பிரவுனி பயிற்சிக்கு நல்ல கூட்டம், ஏன்னா கடைசில எல்லாருக்கும் ஒரு டப்பா உண்டுன்னு முன்னாடியே சொல்லிட்டோம். சாக்லேட் வரலாறு பத்தி நான் ஒரு பேச்சு தயார் பண்ணேன், 1828ல நெதர்லாந்துல வான் ஹூட்டன் குடும்பம் கோகோவ பிழிஞ்சு கொழுப்ப தனியா எடுக்குற பிரஸ்ஸுக்கு உரிமை வாங்கினது, 1847ல இங்கிலாந்துல ஃப்ரை கம்பெனி கடிச்சு தின்னுற பார் போட்டது, 1879ல சுவிட்சர்லாந்துல லிண்ட் மணிக்கணக்கா அரைச்சு சாக்லேட்ட வழவழப்பாக்குற மெஷின கொண்டு வந்ததுன்னு எல்லாம் வரிசையா. வந்தவங்கள விட நாற்காலி ஜாஸ்தியா இருந்துச்சு. அத விடுங்க.

இப்ப டெம்பரிங் விஷயத்துக்கு வர்றேன், அதாவது உருக்கின சாக்லேட்ட கிளறிக்கிட்டே சரியான சூட்டுக்கு ஆற வச்சு ஒழுங்கா இறுக வைக்கிற முறை. இது செயலாளரோட சொந்த பிடிவாதம்னு ஒரு பேச்சு ஓடுது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன். இத்தனை வருஷமா நாம "வீட்ல செஞ்ச சாக்லேட்"னு பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் குடுத்துக்கிட்டு இருந்தது பெரும்பாலும் காம்பவுண்ட். அதுல கோகோ பட்டருக்கு, அதாவது கோகோவோட சொந்த கொழுப்புக்கு பதிலா வேற தாவர கொழுப்பு, உருக்கி மோல்டுல, அதாவது அச்சுல, ஊத்தினா போதும், தானா இறுகிடும். குழந்தைங்க வகுப்புக்கு, கேக் மேல அவசரமா ஊத்துறதுக்கு அது சரிதான், நான் மறுக்கல. ஆனா நாக்குல ஒட்டுற மாதிரி ஒரு மெழுகுத்தனம் நிக்குது பாருங்க, அத சாப்பிட்டுட்டு "சூப்பர்"னு சொல்றவங்க மரியாதைக்கு சொல்றாங்க.

நிஜ சாக்லேட்டுல கோகோ பட்டர் இருக்கு. அது இறுகும்போது 6 விதமா படிகமாகும், அதுல 5வது வகை மட்டும்தான் நமக்கு வேணும், அதுக்குத்தான் பளபளப்பு, உடைச்சா டக்குனு சத்தம். அந்த வகை உருகுறது 34 டிகிரி பக்கத்துல, நம்ம உடம்பு சூட்டுக்கு கொஞ்சம் கீழ, அதனாலதான் கையில கொஞ்ச நேரம் நிக்குது, வாயில போட்டதும் கரையுது. டெம்பரிங் பண்ணாம சும்மா உருக்கி ஊத்தினா மத்த வகைங்களும் கலந்து உக்காந்துக்கும், கோடு கோடா வெளுப்பு வரும், தொட்டா பிசுபிசுங்கும், மோல்ட தலைகீழா தட்டினாலும் இறங்காது. ஒழுங்கா டெம்பர் ஆனது இறுகும்போது லேசா சுருங்கும், அப்பத்தான் அது தானா கழண்டு விழும். போன வருஷம் மோல்டு சரியில்ல மோல்டு சரியில்லன்னு சண்டை போட்டவங்களுக்கு இதுதான் பதில்.

முறை ஒண்ணும் ராக்கெட் விடுற வேலை இல்ல. டார்க் சாக்லேட்ட துண்டாக்கி மூணு பங்குல ரெண்டு பங்க 45லேர்ந்து 50 டிகிரி வரைக்கும் உருக்கணும், அடுப்புலேர்ந்து எடுத்து மிச்ச ஒரு பங்க கொஞ்சம் கொஞ்சமா போட்டு கிளறிக்கிட்டே இருக்கணும், 31-32க்கு வந்ததும் வேலைய ஆரம்பிக்கலாம். மில்க்னா 29-30, வெள்ளைன்னா இன்னும் ஒரு டிகிரி கம்மி. கத்தி முனைய முக்கி வச்சா அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு இறுகணும், இறுகலன்னா இன்னும் கிளறுங்க. பொறுமைதான் வேணும், அதோட ஒரு தெர்மாமீட்டர். சங்கம் நல்ல தெர்மாமீட்டரும் கெட்டியான பாலிகார்பனேட் மோல்டுங்களும் வாங்கினது இதுக்காகத்தான், செயலாளர் வீட்டு சமையலறைய அலங்கரிக்க இல்ல.

ஒரு பயிற்சியில ரெண்டு கிலோ சாக்லேட்ட செயலாளர் வீணாக்கிட்டாருன்னு எழுத்துல ஒரு புகார் வந்திருக்கு, அதுக்கும் பதில் சொல்லிடறேன். அன்னிக்கு ஒரு உறுப்பினர் ஈரக் கரண்டியோட வந்து "நான் கொஞ்சம் கிளறி பாக்குறேன்"னு உள்ள விட்டுட்டாங்க, பேர் வேண்டாம். உருகின சாக்லேட்டுல நாலு சொட்டு தண்ணி பட்டா போச்சு, சர்க்கரையும் கோகோ தூளும் அந்த ஈரத்த பிடிச்சிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மொத்தமும் களிமண்ணு மாதிரி ஆயிடும். அத மறுபடி மோல்டுக்கு கொண்டு வர முடியாது, ஆனா தூக்கி போடவும் வேண்டியதில்ல, கொஞ்சம் தண்ணிதான் கெடுக்கும், நெறைய ஈரம் காப்பாத்தும். ஒரு கிலோ சூடான க்ரீம ஊத்தி நடுவுலேர்ந்து மெதுவா கிளறினோம், கனாஷ்ங்கிற சாக்லேட்-க்ரீம் கலவை ஆச்சு, ராத்திரி ஃப்ரிட்ஜுல வச்சு மறுநாள் உருட்டி கோகோ பவுடர்ல புரட்டி ட்ரஃபிள் ஆக்கினோம். புகார் குடுத்தவரும் ஒரு டப்பா எடுத்துட்டுப் போனாரு. டார்க்குக்கு சாக்லேட் ரெண்டு பங்கு க்ரீம் ஒரு பங்குன்னா உருட்ட வரும், சரிக்கு சரின்னா கேக் மேல ஊத்த வரும், வெள்ளைக்கு மூணுக்கு ஒண்ணு போடணும் இல்லன்னா நிக்காது, இத எத்தன தடவ சொல்றது.

அதே மாதிரி வெள்ளை சாக்லேட்டுக்கு தண்ணி கலந்த கலர் ஊத்தாதீங்க, எண்ணெய்ல கரையுற கலர் தனியா இருக்கு. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு செஞ்ச ரோஸ் கலர் இதயங்க என்ன ஆச்சுன்னு சம்பந்தப்பட்டவங்களுக்கு தெரியும்.

இன்னொருத்தர் பூஞ்சை பிடிச்சிருச்சுன்னு ஒரு பெட்டிய அப்படியே குப்பையில போட்டிருக்காரு. அது பூஞ்சையே இல்லங்க. மூடாம ஃப்ரிட்ஜுல வச்சு எடுத்தா மேல வேர்க்கும், அந்த ஈரத்துல சர்க்கரை கரைஞ்சு காஞ்சு வெள்ளையா சொரசொரன்னு படியும். விரல்ல தேய்ச்சா உருகி மறைஞ்சா அது டெம்பரிங் சரியில்லாம வர்ற கொழுப்பு வெளுப்பு, மறையலன்னா இந்த சர்க்கரை வெளுப்பு. ரெண்டையும் சாப்பிடலாம், பார்க்கத்தான் அசிங்கம். காத்து புகாத டப்பாவுல போட்டு, ஃப்ரிட்ஜுல வைங்க, வெளிய எடுத்தா டப்பாவோட சில்லிப்பு போய் ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க. ஆனா க்ரீம் வச்ச ட்ரஃபிள் வேற விஷயம், அத விசேஷத்துக்கு ரொம்ப முன்னாடியே செஞ்சு வெளிய வச்சுட்டு சங்கத்து ரெசிப்பி சரியில்லன்னு சொன்னா நான் என்ன பண்றது. ஃப்ரிட்ஜுல வைங்க, ஒரு வாரத்துக்குள்ள சாப்பிட்டு முடிங்க. பெட்டி மேல பால், நட்ஸ் இருக்குன்னு எழுதுங்க. வீட்டு நாய்க்கு மட்டும் குடுத்துடாதீங்க, கோகோவுல இருக்கிற தியோப்ரோமின் அதுக்கு விஷம்.

கணக்கு. விவரம் பொருளாளர் அக்காகிட்ட இருக்கு, தணிக்கையும் ஏறக்குறைய முடிஞ்சுது. சுருக்கமா சொன்னா வந்ததும் போனதும் கிட்டத்தட்ட சமம், போனது கொஞ்சம் கூட. கோகோ விலை ஏறினதும் ஒரு காரணம், பெரிய காரணம் சந்தா. பாதிக்கு மேல பாக்கி. இதுல ஒரு வழக்கம் கவனிச்சிருக்கேன், வீட்ல பிறந்தநாள் வர்ற மாசம் மட்டும் சில பேர் உறுப்பினரா இருக்காங்க, மோல்டு கேப்பாங்க, தெர்மாமீட்டர் கேப்பாங்க, கேக் ஆர்டருக்கு ஆலோசனை கேப்பாங்க, மெழுகுவர்த்தி அணைஞ்சதும் அவங்களும் அணைஞ்சுடுவாங்க. சந்தா கேட்டா "போன வாரம்தான் குடுத்தேனே"ம்பாங்க. ரசீது புத்தகம் என்கிட்டதான் இருக்கு.

நன்றி சொல்லணும். தலைவருக்கு நன்றி. இடம் குடுத்தவங்களுக்கு நன்றி. பாத்திரம் கழுவ நின்னவங்களுக்கு நிஜமாவே நன்றி, எப்பவும் அதே மூணு பேரு.

அடுத்த வருஷம். காரமல் பயிற்சியும் உள்ள ஃபில்லிங் வச்ச சாக்லேட்டும் போடணும்னு திட்டம். போட ஆள் வேணும். செயலாளர் பொறுப்புக்கு வேற யாராவது வர்றதா இருந்தா நான் தாராளமா வழி விடறேன், நாலஞ்சு பேர்கிட்ட கேட்டும் பார்த்தேன், எல்லாரும் "நீங்களே நல்லா பண்றீங்க சார்"னு சொல்றாங்க. நல்லா பண்றேன்னு நினைக்கிறவங்க சந்தாவையும் கட்டினா அந்த நம்பிக்கை எனக்கும் வரும். இல்லன்னா திரும்ப காம்பவுண்டுதான், அது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல, வேலை கம்மி.

கடைசியா, இதய வடிவ மோல்டு ரெண்டும் அரைக்கோள மோல்டு ஒண்ணும் இன்னும் வெளிய இருக்கு. யார்கிட்டன்னு நோட்டுல எழுதியிருக்கேன், இங்க வாசிக்கல. திருப்பித் தர்றப்ப நார் போட்டு தேய்க்காதீங்க, கீறல் விழுந்தா சாக்லேட்டுல பளபளப்பு வராது. வெந்நீர்ல கழுவி பஞ்சால துடைச்சு, நல்லா காஞ்சப்புறம் கொண்டு வாங்க. வர்றப்ப சந்தாவையும் எடுத்துட்டு வந்துடுங்க, ரசீது அங்கயே போட்டு தர்றேன்.

இப்படிக்கு,
செயலாளர்