கல்லறைத் தோட்டத்தில் குடை பிடித்த அக்காவுக்கு

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் மாலை. காரைக்குடியில் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவின் கல்லறையில் நான் ஏற்றிய மெழுகுதிரி மூன்று முறை அணைந்தது. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த நீங்கள், உங்கள் குடையைச் சுடரின் மேல் சாய்த்துவிட்டு நனைந்துகொண்டே நின்றீர்கள். பிறகு தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்தீர்கள். அம்மாவின் பெயர் எழுத்தெழுத்தாக வெளியே வந்தது. ‘நித்திய இளைப்பாற்றியை’ என்று இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கிய எனக்குத் தொண்டை அடைத்தது. மீதியை நீங்களே சொல்லி முடித்தீர்கள்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய்ச் செபித்து, இறந்தோருக்காகப் பரிபூரண பலனை, அதாவது பாவங்களுக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருளை, ஒப்புக்கொடுக்கலாம் என்று நினைவூட்டியதும் நீங்கள்தான். எட்டாம் தேதி வரை தினமும் போனேன்.

பெயர் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் இரவுச் செபமாலை முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம், நீங்கள் பூ வைத்த கல்லறையில் துயில்பவருக்கு ஒன்று. நன்றி, அக்கா.