ஓர் எழுத்து

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

"எவ்ரிதிங் இஸ் ஸ்டேஷனரி, அப்பா" என்று அனுப்பியிருந்தாய். கடைசியில் ஏஆர்ஒய் வரவேண்டிய இடத்தில் ஈஆர்ஒய். 'ஏ போட்டால் அசையாமல் நிற்பது, ஈ போட்டால் தாள், பேனா, கவர்' என்று உடனே பதில் போட்டேன். 18 நாள் ஆயிற்று. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது? என்வலப்புக்கு முதலெழுத்து ஈ. அதை வைத்துக்கொள், தப்பே வராது. டிக்டேஷனில் ஒரு சொல் விடாத பெண் நீ. ஆபீஸில் அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் அறுத்திருக்கிறேன்.

அப்புறம் தேடிப் பார்த்தேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், நிற்பதைச் சொல்லும் லத்தீன் சொல். அந்தக் காலத்து ஐரோப்பாவில், ஊர் ஊராகச் சுமந்து விற்காமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவனுக்கு ஸ்டேஷனர் என்று பெயராம். லண்டனில் 1403லேயே அவர்களுக்குச் சங்கம் இருந்திருக்கிறது. பேக்கர் கடை பேக்கரி ஆன மாதிரி, ஸ்டேஷனர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி. அந்த ஈ அவன் பெயரிலிருந்து வந்தது. ஆக, நீ எழுதியது அப்படியொன்றும் பெரிய தப்பில்லை.

இருந்தாலும் ஈ ஞாபகம் இருக்கட்டும். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது இதையெல்லாம் பார்ப்பார்கள். நீ விண்ணப்பம் போடுகிறாய் என்று நான் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

அன்று ராத்திரி அம்மா, "பாப்பா என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். "ஸ்பெல்லிங் தப்பா எழுதியிருக்கா" என்றேன். நாலு வார்த்தை அனுப்பியிருந்தாய். நான் பார்த்தது ஓர் எழுத்து. என்னம்மா நின்றுபோயிற்று என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஹாஸ்டலிலிருந்து நீ எழுதிய முதல் கடிதத்தையும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியவன்தானே. ஏழு வட்டம். அதற்கப்புறம் நீ கடிதமே எழுதவில்லை, போன்தான். செலவு மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு நாலு தாளும், நம் விலாசம் எழுதிய கவரும் வைத்திருக்கிறேன். எப்படி வேண்டுமானாலும் எழுது. அம்மாதான் பிரிப்பாள்.

அப்பா