தோற்றவர்களும் காசு கட்டும் ஏலம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். '800 டாலர் போன் வெறும் 40 டாலருக்கு!' என்ற ரகத்தில் பென்னி ஏலத் தளங்களின் விளம்பரங்கள் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவை முழுப் பொய்யும் அல்ல. யாரோ ஒருவருக்கு அந்த விலைக்கு போன் நிஜமாகவே கிடைத்திருக்கலாம். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதைத்தான் விளம்பரம் சொல்வதில்லை.

வழக்கமான ஏலத்தில் தோற்றவர் வெறுங்கையோடு திரும்புவார், ஆனால் பணம் அவரிடமே இருக்கும். இங்கே ஏலம் கேட்பதற்கே காசு. கேட்கும் வாய்ப்புகளை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை கேட்க 60 சென்ட், ஒவ்வொரு முறையும் பொருளின் விலை 1 சென்ட் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். 40 டாலரில் முடிந்த ஏலத்தில் 4,000 முறை கேட்டிருக்கிறார்கள். அதற்கே 2,400 டாலர். வென்றவர் கட்டும் 40 டாலரையும் சேர்த்தால், 800 டாலர் போனுக்குத் தளம் வசூலித்தது 2,440 டாலர்!

இது தெரிந்தும் பலரால் விலக முடியவில்லை. திரையில் கடிகாரம் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்குகிறது. உங்கள் பெயர்தான் மேலே; அது பூஜ்யத்தைத் தொட்டால் பொருள் உங்களுக்கு. கடைசி நொடியில் இன்னொரு பெயர் ஏறிக்கொள்ள, கடிகாரம் மறுபடி பத்து நொடிக்குத் தாவுகிறது. 'இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரே ஒரு தடவை' என்று கை தானாகப் பொத்தானுக்குப் போகிறது. சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்க நினைக்கும் அதே வெறிதான். அந்த இன்னொரு பெயர் உண்மையான ஆளா, தளமே ஏவிவிட்ட போலிக் கணக்கா என்று கண்டுபிடிக்க நமக்கு வழியும் இல்லை.

பொருளியலாளர் மார்ட்டின் ஷூபிக் 1971-லேயே இந்த மனநிலையை ஒரு விளையாட்டாக வைத்து விளக்கினார். ஒரு டாலர் நோட்டை ஏலம் விட வேண்டும். இரண்டாவதாக வந்தவரும் தான் கேட்ட தொகையைக் கட்டியாக வேண்டும். போட்ட பணம் வீணாகிவிடுமே என்ற பயத்தில் ஏலம் ஒரு டாலரையே தாண்டிவிடும். பின்னாளில் நெட் ஆகன்பிளிக் என்ற ஆய்வாளர் 1,66,000-க்கும் மேற்பட்ட பென்னி ஏலங்களை அலசி, நடத்துபவர்களின் சராசரி லாப விகிதம் 50 சதவீதத்துக்கும் மேல் என்று காட்டினார். அமெரிக்காவில் நுகர்வோர் நலன் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் 2011-ல் மக்களை எச்சரித்தது. இந்த வியாபாரத்தைப் பிரபலமாக்கிய ஸ்வூப்போ என்ற தளம் அதே ஆண்டில் திவாலானது. சூடுபட்டவர்கள் திரும்பி வர மாட்டார்கள், புது ஆட்களை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விளம்பரம் ஓயாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தோற்றவர் போட்ட காசைக் கழித்துக்கொண்டு அதே பொருளை முழு விலைக்கு வாங்க அனுமதிக்கும் தளங்களும் உண்டு. நஷ்டம் குறையும்தான். ஆனால், மலிவு என்று நம்பி வந்தவர், தேவையே இல்லாத பொருளை முழு விலை கொடுத்து வாங்கிப் போவார்.

எல்லாத் தளங்களையும் மோசடி என்று சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: வென்ற விலையைப் பெரிய எழுத்தில் போடும் இடத்திலேயே, அந்த ஏலத்தில் எல்லோரிடமும் வசூலான மொத்தத் தொகையையும் அதே அளவு எழுத்தில் போடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். சட்டம் வரும்வரை, அந்தத் தொகை இல்லாத விளம்பரங்களை உங்கள் இதழ் வெளியிடாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்