இரண்டு கிளவுடுக்கு நடுவே கிடக்கும் சாவி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தரவுக் கசிவு என்றதும் ஹேக்கர்களின் சாமர்த்தியத்தைப் பற்றியே பேசுகிறோம். நிறுவனங்களின் கிளவுட் கணக்குகளை, அதாவது இணையம் வழியே அவை வாடகைக்கு எடுத்த சர்வர்களையும் சேமிப்பிடங்களையும், தணிக்கை செய்வது என் தொழில். நான் பார்த்த பல கணக்குகளில் உள்ளே நுழைய எந்தச் சாமர்த்தியமும் தேவைப்படாது.

அண்மையில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிறுவனத்துக்குப் போயிருந்தேன். அவர்களுடைய மென்பொருள் ஓடுவது மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில். நோயாளிகளின் அறிக்கைகளுக்கான பேக்கப் அமேசானின் கிளவுடில். இரவுதோறும் கோப்புகளை அனுப்பும் அஸூர் சர்வரில், அமேசான் கணக்கின் காலாவதியாகாத அக்சஸ் கீ, அதாவது மென்பொருள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல் போன்ற சாவி, வெறும் எழுத்தாக ஒரு கோப்பில் கிடந்தது. அதை உருவாக்கிய ஒப்பந்த ஊழியர் எப்போதோ விலகிவிட்டார். பேக்கப் கோப்புகளைச் சேமிக்க மட்டுமே தேவைப்பட்ட அந்தக் கீக்கு எல்லாவற்றையும் படிக்கவும் அழிக்கவும் அதிகாரம் இருந்தது. அந்த நிறுவனத்தில் அஸூரைக் கவனிக்கும் குழுவைக் கேட்டால், "அது அமேசான்காரர்கள் வேலை" என்றார்கள். அங்கே அமேசானைக் கவனிக்கும் குழுவுக்கோ அந்தக் கீ எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்காணிப்புக் கருவி 'பழைய கீ' என்று எச்சரித்துத்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளுக்கு நடுவே அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லை.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. அஸூர் தன் சர்வருக்குத் தரும் அடையாளத்தை அமேசான் ஏற்றுக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிக அனுமதியை வழங்கும்படி அமைக்கலாம். அப்போது நிரந்தரக் கீயை எங்கும் எழுதிவைக்கவே வேண்டாம். அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது.

அளவுக்கு மீறிய அதிகாரம் என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி 2019இல் கண்டது. தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வாலும் (வெளியிலிருந்து வரும் தாக்குதலை வடிகட்டும் தடுப்பு), தேவைக்கு மேல் படிக்கும் உரிமை பெற்றிருந்த ஒரு சர்வரும் போதுமானதாக இருந்தன. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. மார்ச்சில் நடந்தது, ஜூலையில் வெளியாள் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் வங்கிக்கே தெரிந்தது. மறு ஆண்டு விதிக்கப்பட்ட அபராதம் 8 கோடி டாலர்.

நம் நாட்டில், இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இலேயே உத்தரவிட்டது. ஆனால் அமேசானும் அஸூரும் நிர்வாகப் பதிவுகளை இயல்பாக 90 நாள்தான் காட்டும். நாமே தனியாகச் சேமிக்காவிட்டால் அதற்கு முந்தையவை கிடைக்காது. இதைச் சொன்னதும் திடுக்கிட்ட மேலாளர்கள் பலர். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

மக்களின் மருத்துவ, வங்கி விவரங்களை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எல்லாக் கிளவுடுக்கும் பொதுவாக ஒரே ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். எங்கே எது ஓடுகிறது, எந்தக் கீ யாருடையது என்ற பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும். அரசுத் துறைகள் தங்கள் டெண்டர்களில் இதை நிபந்தனையாகவே சேர்த்து, காலாண்டுக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்.

– கிளவுட் பாதுகாப்புத் தணிக்கையாளர்,
சோழிங்கநல்லூர், சென்னை